நிலத்தின் பழங்கணக்கு

சித்திரைத் திங்களின் நண்பகலில் சாத்தூரிலிருந்து சிவகாசிக்குப் பேருந்தில் செல்லும் வெளியூரார் ஒருவர் சாளரத்தின் வழியே காண்பது என்ன? வெடித்துப் பிளந்து கிடக்கும் கருநிற மண். ஆங்காங்கே நிழல் தராத முள்மரம். ஒன்றற்கொன்று எட்டி நிற்கும் பட்டாசுத் தொழிற்சாலையின் சிறு கட்டடங்கள். அவற்றிற்கு அப்பால் கண்ணுக்கெட்டிய மட்டும் வெறுமை. ‘முன்னொரு காலத்தில் இங்கே பெருங்காடு இருந்திருக்க வேண்டும்; மக்கள் அதனை வெட்டி அழித்துவிட்டனர்’ என்று அவர் இரக்கத்தோடு எண்ணுவார். அவரே கார்த்திகைத் திங்களில் மீண்டும் அவ்வழியே வருவாராயின், சோளமும் கம்பும் பருத்தியும் உளுந்தும் அந்த மண்ணை மூடி நிற்பதையும், வரப்புகளிலும் மேட்டு நிலங்களிலும் புல் முழங்கால் அளவு வளர்ந்திருப்பதையும், அப்புல்லில் ஆட்டு மந்தைகள் பரந்து மேய்வதையும் காண்பார். அப்பொழுது அவர் முன்பு கொண்ட இரக்கம் சற்றே தடுமாறும்.

விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டுதோறும் பெய்யும் மழை சராசரியாக ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதன் பெரும்பகுதி வடகிழக்குப் பருவக் காற்றினால் ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். எஞ்சிய மாதங்களில் வெயிலே ஆட்சி செய்யும். இவ்வறட்சியைப் பழிப்பவர் பலர். இதனாலேயே வாழ்பவரும் பலர். ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து, 1923ஆம் ஆண்டளவில் சிவகாசியில் அதனைத் தொடங்கினர். அதன் வழியே பட்டாசுத் தொழிலும் அங்கு வேரூன்றியது. மருந்து பூசிய குச்சியும் திரியும் ஈரமின்றி உலர வேண்டும். அதற்கு இவ்வூர்களின் வெயிலைப் போன்ற துணை வேறில்லை. ஆகவே, மழை குறைந்த நிலம் என்பது ஒருவனுக்குக் குறையாகவும் மற்றொருவனுக்கு வாய்ப்பாகவும் தோன்றுகிறது. ஆயினும், அந்நிலம் தன்னளவில் எத்தகையது, பல்லாயிரம் ஆண்டுகளாக அதன் இயல்பு யாது என்னும் வினாவை எழுப்புவோர் மிகச் சிலரே.

இவ்வினாவை இப்பொழுது எழுப்ப வேண்டிய கட்டாயம் நேர்ந்துள்ளது. தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ 24 விழுக்காடாக இருந்த காட்டையும் மரத்தோப்புகளையும் 33 விழுக்காடாகப் பெருக்கும் நோக்கத்தோடு 2022ஆம் ஆண்டில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பெற்றது. நோக்கம் நன்றே. மூன்றில் ஒரு பங்கு என்னும் எண்ணும் புதியதன்று. 1952ஆம் ஆண்டில் வெளியான தேசிய வனக் கொள்கையிலேயே அது காணப்படுகிறது. ஆனால் அக்கொள்கை மலைநாட்டிற்கு 60 விழுக்காடு, சமவெளிக்கு 20 விழுக்காடு எனப் பிரித்தும் கூறிற்று. நாளடைவில் மக்கள் பேச்சில் நிலைத்தது மூன்றில் ஒன்று என்னும் எண் மட்டுமே, பிரிவினை மறைந்துபோயிற்று. எண்ணை நிறைவேற்ற வேண்டுமாயின் மரம் நட நிலம் வேண்டும். எந்த நிலம்? ‘வெறுமையாகக் கிடக்கும்’ நிலம். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

நிலவரிக் கணக்கில் ‘தரிசு’ என்றொரு சொல் உண்டு. தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு என அதனை இருவகையாகப் பிரிப்பர். வெள்ளையர் ஆட்சியில் பயிரிட்டு வரி செலுத்தப்படாத நிலமெல்லாம் இந்தச் சொல்லில் அடங்கிற்று. அந்நிலத்தில் புல் இருந்தது, ஆடு மேய்ந்தது, மான் ஓடிற்று, கௌதாரி முட்டையிட்டது. அவை யாவும் வரி கொடாதவை ஆதலின் கணக்கேட்டில் இடம் பெறவில்லை. கருவூலத்திற்குப் பயன்படாத நிலம், நாளடைவில், எதற்கும் பயன்படாத நிலம் என்று கருதப்பட்டது. இதற்கு மாறாக, கரிசல் உழவன் வாயில் ‘காடு’ என்னும் சொல் வேறு பொருள் தருகிறது. ‘காட்டுக்குப் போகிறேன்’ என்று அவன் சொன்னால் மரம் அடர்ந்த வனத்தை அவன் குறிக்கவில்லை. தன் புன்செய் நிலத்தையே குறிக்கிறான். சோளக்காடு, பருத்திக்காடு என்பன அவன் வழக்கு. இதனை அறியாதவர் பழைய பத்திரம் ஒன்றில் ‘காடு’ என்று கண்டு, அங்கு மரங்கள் அடர்ந்திருந்தன என முடிவு கட்டினால், அம்முடிவு நகைப்பிற்கு இடமாகும்.

இலக்கியம் கற்றவரும் ஒருவகையில் இத்தகைய மயக்கத்திற்கு ஆளாகக்கூடும். இளங்கோவடிகள் பாலையைத் தனி நிலமாகக் கொள்ளாமல், முல்லையும் குறிஞ்சியும் வெப்பத்தால் தம் இயல்பு திரிந்து நிற்கும் நிலையே பாலை எனச் சிலப்பதிகாரத்தில் காட்டினார். இதனைக் கொண்டு, வறண்ட நிலமெல்லாம் கெட்டுப்போன காடே என்று வாதிடுவார் உளர். அடிகள் கூறியது கோடையின் திரிபு. மழை வந்தால் மாறும் ஒரு பருவநிலை. அதனை நிலைத்துவிட்ட அழிவாகப் பொருள்கொள்வது அவர் கருத்தன்று. மேலும், முல்லை என்பதே மரமடர்ந்த இருண்ட காடன்று. ஆயர் ஆனிரை மேய்த்த புல்லும் புதரும் கலந்த நிலம் அது.

நிலத்தின் பழைய இயல்பை அறியாமல் செய்த நன்மை எவ்வாறு தீமையாக முடியும் என்பதற்கு நீலகிரி மலை ஒரு பெருஞ்சான்று. அம்மலையின் உச்சிப் பகுதியில் மடிப்புகள்தோறும் சோலைகள் செறிந்திருக்கும்; மேடுகளிலோ புல்வெளி அலையலையாகப் பரந்திருக்கும். 19ஆம் நூற்றாண்டில் அங்குக் குடியேறிய ஐரோப்பியர் பலருக்கு அப்புல்வெளி வீண் நிலமாகத் தோன்றிற்று. மலைவாழ் மக்கள் தீ வைத்துச் சோலையை எரித்ததனால் புல் பரவியிருக்கும் என்று கருதியோரும் உண்டு. ஆதலால் ஆஸ்திரேலியாவிலிருந்து தைலமரத்தையும் சீகை எனப்படும் வாட்டில் மரத்தையும் கொணர்ந்து நட்டனர். விடுதலைக்குப் பின்னும் இம்முயற்சி நிற்கவில்லை, விரைந்து பெருகிற்று. தோல் பதனிடும் பட்டைக்காகவும் செயற்கைப் பட்டு நூலுக்கான மரக்கூழுக்காகவும் புல்வெளியின் பெரும்பகுதி தோப்புகளாக மாற்றப்பட்டது. ‘வெறுமை நிலம் பசுமையாயிற்று’ என்று அன்றையோர் மகிழ்ந்தனர்.

அம்மகிழ்ச்சியைக் கலைத்தது சேறு. ஆம், உதகைக்கு அருகில் சாண்டிநல்லா பள்ளத்தாக்கில் உள்ள சதுப்பு நிலத்தின் சேறுதான். குளிரும் ஈரமும் மிகுந்த இடத்தில் மடிந்த புல்லும் வேரும் முற்றிலும் மட்குவதில்லை. அவை ஆண்டுதோறும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கருநிறக் களியாகும். இதனைப் பீட் என்பர். அடியிலுள்ள படிவு மூத்தது, மேலுள்ளது இளையது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த இராமன் சுகுமாரும் அவருடன் உழைத்த அறிஞர்களும் இப்படிவை அடுக்கடுக்காக ஆராய்ந்து, 1993ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளின் வரலாறு அதில் எழுதப்பட்டிருந்தது.

மடிந்து மண்ணான செடி தன்னைப் பற்றி எவ்வாறு எழுதி வைக்கும் என ஐயுறலாம். காற்றிலுள்ள கார்பனை எல்லாச் செடிகளும் ஒரே முறையில் உட்கொள்வதில்லை. மரங்கள் ஒரு முறையிலும், வெப்ப நாட்டுப் புற்களில் பல மற்றொரு முறையிலும் அதனை ஏற்கின்றன. கார்பன் அணுக்களில் சற்றுக் கனத்தவையும் உண்டு, இலேசானவையும் உண்டு. இவ்விருவகையும் கலந்திருக்கும் அளவு மரத்தில் ஒருவாறும் அத்தகைய புல்லில் வேறாகவும் இருக்கும். செடி மடிந்த பின்னரும் அவ்வேறுபாடு மண்ணில் நிலைத்து நிற்கும். இந்த அடையாளத்தைக் கொண்டு, உலகமே குளிர்ந்து வறண்டிருந்த காலத்தில், அதாவது 20,000 முதல் 16,000 ஆண்டுகளுக்கு முன்னர், நீலகிரியின் மேல்மலையில் புல்லே மிகுந்திருந்தது எனத் தெளிந்தனர். அக்காலத்தில் அங்குத் தோட்டமிட்டவரோ கால்நடை வளர்த்தவரோ இல்லை. புல்வெளி மனிதன் செய்த அழிவு அன்று. அது மலையின் மூத்த குடி.

மகரந்தத் தூளும் இத்தகைய சாட்சியே. பூவில் தோன்றும் இத்தூளின் மேலோடு எளிதில் அழியாது. ஒவ்வோர் இனத்திற்கும் அதன் வடிவம் வேறுபடும். சேற்றில் புதைந்த தூள்களை எண்ணிக் கணக்கிட்டால் அக்காலத்தில் நின்ற மரஞ்செடிகளின் பட்டியல் கிடைத்துவிடும். ஸ்வீடன் நாட்டு அறிஞர் லென்னார்ட் வான் போஸ்ட் 1916ஆம் ஆண்டில் இம்முறையை உலகிற்கு விளக்கிக் காட்டினார். தமிழர் ஒருவரும் இத்துறையில் பெரும்புகழ் பெற்றார். புதுச்சேரியில் 1955ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய கணபதி தணிகைமணி என்பவரே அவர். வெப்ப நாட்டுச் செடிகளின் மகரந்தத்தை ஆராய்வதில் தம் வாழ்நாளைச் செலவிட்ட அப்பெரியார், 1986ஆம் ஆண்டு செப்டம்பரில் கராச்சி விமான நிலையத்தில் கடத்தப்பட்ட விமானத்தினுள் உயிரிழந்தார். போர்வீரர் பெயரைத் தெருவிற்கு இடும் நாட்டில் இத்தகையோர் பெயரைப் பள்ளி மாணவர் அறியாதிருப்பது வருந்தத்தக்கது.

நீலகிரிச் சேறு வேறொன்றையும் உரைத்தது. புல் என்றென்றும் ஒரே நிலையில் இருக்கவில்லை. ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் மழை மிகுந்து மரங்கள் பரவின. பின்னர் மீண்டும் வறட்சி வந்து புல் ஓங்கிற்று. ஆகவே, ‘பழைய நிலையை மீட்போம்’ என்று சொல்பவரை நோக்கி, ‘எந்த ஆண்டின் நிலையை?’ என்று கேட்க வேண்டியுள்ளது. நெடுவரலாறு ஒரு குறித்த நாளைச் சுட்டி, ‘அங்கே திரும்பிச் செல்க’ என ஆணையிடுவதில்லை. இந்நிலம் எதை எதைத் தாங்கிற்று, எவ்வளவு மாற்றத்திற்குப் பின்னும் மீண்டெழுந்தது, எது அதற்கு முற்றிலும் அயலானது என்னும் எல்லைகளை மட்டுமே அது காட்டுகிறது. தைலமரமும் வாட்டிலும் அந்த 20,000 ஆண்டுக் கணக்கில் ஒரு நாளும் இல்லாதவை. உதகைக்கு அருகில் கிளென்மார்கனில் நடந்த நெடுநாள் ஆய்வில், புல்வெளியில் தைலமரம் நட்ட ஓடைப் பகுதியிலிருந்து வரும் நீர் குறைந்தது என அளந்தும் காட்டினர். இன்று வனத்துறையே இவ்வயல் மரங்களைப் பெரும் பொருட்செலவில் அகற்றிப் புல்லை மீட்க முயல்கிறது. நட்டவர் கையே பிடுங்கவும் நேர்ந்தது.

இனிக் கரிசலுக்கு வருவோர், இங்கு நீலகிரியைப் போல எளிதில் படிக்கக்கூடிய ஏடு இல்லை என்பதை முதலில் உணர்தல் வேண்டும். கரிசல் மண் நனைந்தால் பூரிக்கும். காய்ந்தால் சுருங்கிப் பிளக்கும். கோடையில் மேல்மண்ணும் விதையும் சருகும் அப்பிளவுகளின் வழியே ஆழத்திற்கு உதிர்ந்துவிடும். அடுத்த மழையில் பிளவு மூடிக்கொள்ளும். இவ்வாறு ஆண்டுதோறும் தன்னைத்தானே உழுதுகொள்வதால், நேற்றைய மண்ணும் நெடுநாளைய மண்ணும் அங்கே கலந்து கிடக்கும். உழவனுக்கு வரமாகிய இப்பண்பு ஆராய்ச்சியாளனுக்கு இடையூறு. கரிசல், நாட்குறிப்பு எழுதுகிறது. ஆனால் பக்கங்களைக் கலைத்துப் போட்டுவிடுகிறது.

எனினும் சான்றுகள் இல்லாமற்போகவில்லை. வைப்பாற்றின் வடகரையில் வெம்பக்கோட்டையை அடுத்த விஜயகரிசல்குளத்தில் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 2022ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அகழாய்வைத் தொடங்கிற்று. நுண்கற்கருவிகளும் சங்கு வளையல்களும் மணிகளும் சுடுமண் பொருள்களும் அங்குக் கிடைத்தன. கருவியும் அணிகலனும் செய்தித்தாள்களில் இடம்பெறுவது இயல்பே. ஆனால் அத்தகைய இடங்களில் அடுப்புச் சாம்பலோடு எஞ்சும் சிறு கரித்துண்டும் அவற்றினும் குறைந்த மதிப்புடையது அன்று. கரியான பின்னரும் மரத்தின் நார் அமைப்பு மாறுவதில்லை. நுண்ணோக்கியில் வைத்தால், அக்காலத்து மக்கள் எம்மரத்தை ஒடித்து எரித்தனர் என்பது தெரியவரும். விஜயகரிசல்குளம் என்னும் ஊர்ப்பெயரிலேயே மண்ணும் நீர்நிலையும் சேர்ந்து நிற்பது காண்க.

கல்வெட்டும் வாய் திறக்கிறது. சாத்தூர் வட்டாரத்திலுள்ள எருக்கங்குடிக் கல்வெட்டு, 9ஆம் நூற்றாண்டில் பாண்டியன் சீமாற சீவல்லபன் காலத்தில் இருப்பைக்குடி கிழவன் எட்டிசாத்தன் என்னும் தலைவன் குளங்கள் பலவற்றை அமைத்தமையைப் போற்றுகிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இந்நாட்டார் மழைநீரைத் தேக்கி வாழ வேண்டியிருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? இருப்பை என்பது இலுப்பை மரம், ஆற்றோரங்களில் செழிப்பது. எருக்கோ வறண்ட நிலத்தின் செடி. ஒரே கல்லைச் சுற்றி இவ்விரு பெயர்களும் அமைந்தமை, ஓடைக்கரையில் மரமும் மேட்டில் புதருமாக இந்நாடு அன்றும் இருந்ததோ என எண்ணத் தூண்டுகிறது. ஊர்ப்பெயரை மட்டும் நம்பி முடிவு கட்டலாகாது. ஒற்றை மரமும் ஓர் ஊருக்குப் பெயர் தந்துவிடும். பிற சான்றுகளோடு ஒத்து நின்றால் மட்டுமே அதற்கு மதிப்பு உண்டு.

உயிருள்ள சான்றுகளும் உள. விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களின் எல்லையில் வேம்பூர் ஆடு என்னும் தனி இனம் வளர்க்கப்படுகிறது. நெடுந்தொலைவு நடந்து குறும்புல்லை மேயும் இத்தகைய ஆட்டினம் ஒரு தலைமுறையில் உருவாகுமா? தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாட்டுக் குன்றில் வெளிமான் வாழ்கிறது. இந்தியாவில் அதன் தென்கோடி வாழிடம் அதுவே. திறந்தவெளியும் புல்லும் இல்லாத இடத்தில் வெளிமான் தங்காது; பெயரே அதனை உரைக்கும். இவையெல்லாம் ஒருங்கே சுட்டுவது யாதெனின், இச்சமவெளி முழுவதும் அழிந்துபட்ட அடர்காடு அன்று. புல், முட்புதர், உடைமரம், ஓடைக்கரைத் தோப்பு ஆகியவை கலந்த பழைய நிலம் என்று கருதுவதே பொருத்தமாகும். திருவில்லிபுத்தூர் மலைச்சரிவில் சாம்பல் நிற அணிலுக்கென 1988ஆம் ஆண்டில் சரணாலயம் அமைந்தது. 2021ஆம் ஆண்டில் அப்பகுதி புலிகள் காப்பகமாகவும் உயர்ந்தது. நன்று. ஆயின் அம்மலையடியில் தொடங்கும் புல்லுக்கு மட்டும் காவல் இல்லை. மரக்கன்றுகள் அதனை நோக்கி வருகின்றன.

கேளாமல் நட்டதன் விளைவு இந்நாட்டாருக்குப் புதியதன்று. சீமைக் கருவேலம் அமெரிக்கக் கண்டத்து மரம். சென்னை மாகாணத்து வனத்துறையினர் 1870களின் பிற்பகுதியில் அதன் விதையைத் தருவித்தனர். விறகுப் பஞ்சம் தீர்க்கவும் வேலி அமைக்கவும் அது பின்னர் வறண்ட மாவட்டங்களில் பரப்பப்பட்டது. நட்டவர் நோக்கத்தில் குறை காண இயலாது. நெற்றைத் தின்ற ஆடும் மாடும் விதையை எங்கும் கொண்டு சென்றன. கண்மாயின் உள்வாயும் ஓடையும் மேய்ச்சல் நிலமும் முள்ளால் மூடின. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017ஆம் ஆண்டில் அதனை அகற்ற ஆணையிட்டதும், அவ்வாணை சில மாதங்களில் நிறுத்தி வைக்கப்பட்டதும், 2022ஆம் ஆண்டில் அரசு அயல் தாவரங்களுக்கெனத் தனிக் கொள்கை வகுத்ததும் பலர் அறிந்தவை.

இதற்கு ஒரு மறுப்பு எழும். அது புறக்கணிக்கத் தக்கதன்று. சீமைக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி விற்றுப் பிழைக்கும் ஏழைக் குடும்பங்கள் பல. மழை பொய்த்த ஆண்டில் பயிர் கைவிட்டாலும் இம்முள்மரம் கைவிடுவதில்லை. ‘உங்கள் பதினாயிரம் ஆண்டுக் கணக்கு எங்கள் இன்றைய உலையை ஏற்றுமா?’ என்று அவர்கள் வினவினால், விடை கூறுவது கடினமே. ஆயினும் அவ்வினாவே மற்றோர் உண்மையையும் காட்டுகிறது. முன்பு கேளாமல் நட்டதனால்தான் இன்று அகற்றினும் துன்பம், அகற்றாவிடினும் துன்பம் என்னும் நிலை நேர்ந்தது. மேய்ச்சல் புறம்போக்கில் மீண்டும் வரிசை வரிசையாகக் குழி வெட்டினால், அடுத்து உலை இழப்பவர் ஆட்டிடையர். மரம் வேண்டாம் என்பதன்று கருத்து. தெருவோரத்திலும் ஊர்மந்தையிலும் கண்மாய்க் கரையிலும் ஆலும் வேம்பும் புளியும் எத்துணை நடினும் தகும். புல்லை அகழ்ந்து மரத்தை ஊன்றுமுன், அப்புல்லின் வயது என்ன என்று ஒருமுறை கேட்டல் வேண்டும் என்பதே கருத்து.

அவ்வினாவிற்கு விடை பெரும்பாலும் கண்மாய்களின் அடியில் கிடக்கிறது. ஆண்டில் பல மாதம் வறண்டு கிடப்பதால் மகரந்தத் தூள் அங்குச் சிதைந்திருக்கலாம். ஆயினும் புல்லின் இலைக்குள் மணற்சத்து உறைந்து உண்டாகும் நுண்கற்கள் வெயிலில் அழிவதில்லை. புல்லுக்கு ஒரு வடிவமும் மரத்திற்கு வேறு வடிவமுமாக அவை நிலைத்திருக்கும். கரித்தூளும் அவ்வாறே. கோடைதோறும் அரசின் இசைவு பெற்று உழவர் கண்மாய் வண்டலை அள்ளித் தம் நிலத்தில் இடுகின்றனர். மண்ணுக்கு அதனினும் நல்ல உரம் இல்லை, குளமும் ஆழப்படுகிறது. அதனைத் தடுப்பது அறியாமை. ஆனால் எந்திரம் ஒரே கோடையில் சில நூறு ஆண்டுகளின் படிவை வழித்தெடுத்துவிடும். படிக்கப்படாத ஏடு வயலில் சிதறிவிடும்.

மண்வெட்டும் வேலையில் ஒரு பழைய வழக்கம் உண்டு. எவ்வளவு ஆழம் தோண்டப்பட்டது என அளந்து கூலி கணக்கிடுவதற்காக, நடுவே ஒரு மண்திட்டை வெட்டாமல் விட்டுவைப்பர். அளவு முடிந்ததும் அதனையும் வெட்டி அகற்றுவர். பழமையான கண்மாய் ஒவ்வொன்றிலும் நீர் நெடுநாள் தங்கும் ஓரிடத்தில் பத்தடி சதுரமுள்ள அத்தகைய திட்டொன்றை அகற்றாமல் நிறுத்திவைக்க ஆகும் செலவு ஒன்றுமில்லை. வண்டல் அள்ள இசைவு தரும் வட்டாட்சியர் அந்த இசைவுச் சீட்டிலேயே இதற்கென ஒரு வரியைச் சேர்த்து எழுதலாம். கூலி அளக்க விட்டுவைத்த திட்டைக் கொண்டு, பின்னர் ஒரு நாள் மதுரையிலிருந்தோ புதுச்சேரியிலிருந்தோ வரும் ஆய்வாளர் எட்டிசாத்தன் காலம் வரை அளந்து பார்க்கக்கூடும்.